அணுக்களைப் பிரித்துக் காட்டியவர்

இந்த முறை விஞ்ஞானி பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டவர் ஓட்டோ ஸ்டெர்ன்.

இவர் 1888 பிப்ரவரி 17-ஆம் தேதி சோராவ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனியில் இருந்தது. இப்போது போலந்தில் இருக்கிறது. 1912-இல் டாக்டர் பட்டம் வாங்கியதும் நேரா ஐன்ஸ்டீனிடம் போய்ச் சேர்ந்தார். 1913-இல் போர் அணுவைப் பற்றிப் புதுக் கொள்கை சொன்னார். ஸ்டெர்னுக்கு அது பிடிக்கவே இல்லை. அது உண்மையாயிருந்தால் இயற்பியலையே விட்டுடுவேன் என்று நண்பர் லாவேயுடன் சேர்ந்து சபதம் போட்டார்!

சும்மா பேசிக்கிட்டு இருக்காமல், சோதித்தே பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளியை 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அணுக்கள் ஆவியாக வெளியே வரும். காற்றே இல்லாத குழாய்க்குள் மெல்லிய பிளவு வழியாக விட்டால் அவை ஒரே கற்றையாக ஓடும். அதை ஒரு காந்தத்துக்கு நடுவில் விட வேண்டும். நம்ம ஆய்வகத்துல இருக்கிற லாட காந்தம் மாதிரி இல்லை. இதில் ஒரு முனை கத்தி போலக் கூர்மை, எதிர்முனையில் பள்ளம்.

வேலையை கெர்லாக் என்பவரோடு பிராங்க்பர்ட் நகரில் செய்தார். முதல் உலகப் போர் முடிந்த காலம், கையில் பணமே இல்லை. பேராசிரியர் மாக்ஸ் போர்ன் கட்டணம் வாங்கிக்கொண்டு சொற்பொழிவு செய்து கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து கோல்ட்மன் என்பவர் காசோலை அனுப்பினார். அப்படித்தான் சோதனை நின்னு போகாமல் நடந்தது.

1922 பிப்ரவரியில் முடிவு வந்தது. பழைய கணக்குப்படி வெள்ளி ஒரே பட்டையாகப் பரவணும். ஆனால் நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கோடுகள் விழுந்தன! ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அது இரண்டே திசையில்தான் நிற்கும். இதற்குக் காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு கோட்டை மறைத்துவிட்டால் மிச்சம் வருவதெல்லாம் ஒரே திசை அணுக்கள். சபதம் என்ன ஆச்சு? நல்லவேளை, ஸ்டெர்ன் இயற்பியலை விடவில்லை!

1923-இல் ஹாம்பர்க் போனார். அங்கே புரோட்டானின் காந்தத் திறனை அளந்தார். விடை தெரிந்ததுதானே, எதற்கு அளக்கணும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அளந்தபோது எதிர்பார்த்ததைப் போல சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. அதே 1933-இல் ஹிட்லர் ஆட்சி, யூதர்கள் என்பதால் அவருடைய உதவியாளர்களை வேலையை விட்டு நீக்கியது. ஸ்டெர்னும் யூதர்தான். தானே ராஜினாமா செய்துவிட்டு அமெரிக்கா போனார். பத்து வருஷம் கட்டிய ஆய்வகம் போச்சு. எனக்கு இதைப் படிக்கும்போது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

1943-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1969 ஆகஸ்ட் 17-இல் இறந்தார்.

அவருடைய வெள்ளி அணுக்கள் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேல் ஓடின. அணுவைக் குளிர வைப்பது என்றால் அதன் ஓட்டத்தைக் குறைப்பதுதான். 1980-களில் லேசர் ஒளியை எதிரே பாய்ச்சி அதைச் செய்தார்கள். மெதுவாகப் போகும் அணுவை நிதானமாக அளக்கலாம். துல்லியமான அணுக் கடிகாரங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

தோழிகளே, விடை தெரியும் என்று எல்லோரும் சொன்னாலும் ஒரு தடவை நாமே அளந்து பார்ப்போம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி