யானைப்பாகன் மகன் சாபு

உயர்குடிப் பிறப்பும் பெருஞ்செல்வமும் கல்விப் பயிற்சியும் ஒருங்கு வாய்ந்தோர் புகழெய்துதல் வியப்பன்று. இளமையிலேயே தாய் தந்தையரை யிழந்து, யானைக் கொட்டிலில் வளர்ந்த சிறுவனொருவன் பதின்மூன்றாம் அகவையிற் பல நாட்டு மக்களும் அறியும் பெயரைப் பெறுதலே வியப்பாகும். அத்தகையா ரொருவர் நம் கொங்கு நாட்டிற்கு அண்மையிற் பிறந்தவர் என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே. சத்தியமங்கலத்தினின்று திம்பம் மலைவழி யேறி, ஆசனூர் கடந்து மைசூர்ச் சீமையுட் புகுவோர், அவர் பிறந்த காட்டு நாட்டை எளிதில் அணுகலாம். ஹாலிவுட் படவுலகில் இளம்பருவத்தே புகுந்து புகழீட்டிய சாபு என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சாபு 1924-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள், கபினி யாற்றை அடுத்த காராப்பூர் என்னுமிடத்தில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் மைசூர் மன்னரிடம் யானைப்பாகராய்ப் பணிபுரிந்தவர். அந்நாளில் மைசூரை யாண்டவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். காராப்பூரை யடுத்த காக்கன்கோட்டைக் காடு, காட்டியானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் கெத்தா வேட்டைக்குப் பெயர்பெற்றது. தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராக மறைய, சிறுவனுக்குத் துணையாய் நின்றவர் தமையனார் ஷேக் தஸ்தகீர். சாபு தஸ்தகீர் என உலகம் வழங்கும் பெயரின் பிற்பகுதி உண்மையில் அத்தமையனாரதே என்பர்.

ஆனைமலைமேல் டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தி முகாமிற்குச் சென்று, மலசர் குடியினர் யானைகளைப் பேணுமாற்றைக் கண்டோர்க்குப் பாகர் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கை நன்கு விளங்கும். களியுருண்டை பிடித்து ஊட்டலும், ஆற்றில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டலும், பிடரிமீதமர்ந்து காதின் பின்புறத்தைக் கால்விரலால் அழுத்தி வழிநடத்தலும் அவர்க்கு விளையாட்டோடு விளையாட்டாகப் படிந்துவிடும். சாபு கற்ற முதற் கல்வி இதுவே.

1935-ஆம் ஆண்டில் ராபர்ட் பிளாஹர்ட்டி என்னும் அமெரிக்கர் படமெடுக்கும் பொருட்டு மைசூர் வந்தார். எஸ்கிமோவர் வாழ்க்கையைக் காட்டும் ‘நானூக்’ என்னும் படத்தை 1922-இல் வெளியிட்டுப் பெயர்பெற்றவர் இவர். கிப்ளிங் எழுதிய யானைக்கதை யொன்றைப் படமாக்குதல் அவர்தம் எண்ணம். அதற்குத் தக்க சிறுவனை நாடியபோது, அவர் குழுவிலிருந்த படப்பிடிப்பாளர் போராடெய்ல் அரசரது யானைக் கொட்டிலிற் சாபுவைக் கண்டார். கதைத்தலைவனான தூமாய் யானைப்பாகன் மகன். தந்தையைப் புலிக்கு இழப்பவன். தன் யானையின் துயரைத் தன் துயராகக் கொள்பவன். ஒத்திகையின்றியே இவ்வேடம் சாபுவுக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. அவர் நடித்தது பெரும்பாலும் தம் வாழ்க்கையையே அன்றோ!

காட்டுக் காட்சிகள் மைசூரில் எடுக்கப்பட்டன; எஞ்சியவை இங்கிலாந்தில் டென்ஹாம் படநிலையத்தில் ஜோல்ட்டன் கோர்டாவின் மேற்பார்வையில் முடிக்கப்பெற்றன. அதன்பொருட்டுத் தமையனாரோடு கடல் கடந்த சாபு ஆங்கிலங் கற்று அங்கேயே பள்ளியிற் பயின்றார். ‘எலிபண்ட் பாய்’ என்னும் அப்படம் 1937-இல் வெளிவந்து, வெனிஸ் நகரப் படவிழாவிற் சிறந்த இயக்கத்திற்குரிய பரிசைப் பெற்றது. அதே ஆண்டிற்றான் நம் தமிழ்நாட்டிலும் ‘பாலயோகினி’ வெளிவந்து, பேபி சரோஜா வீடுதோறும் அறியப்பட்ட குழந்தையானாள்.

அடுத்து 1938-இல் வெளியான ‘தி டிரம்’ என்னும் படத்தைப் பற்றிக் கூறாமற் செல்லுதல் நேர்மையாகாது. வடமேற்கு எல்லைப்புறத்தில் ஆங்கிலப் படையின் பெருமையைப் பறைசாற்றும் அக்கதையில் சாபு, ஆங்கிலேயர்க்கு நண்பனாகிய இளவரசனாய் நடித்தார். நாடு விடுதலைக்குப் போராடிய காலத்தில் இதனை நம்மவர் பொறுப்பரோ? பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பு முறையானதே. எனினும் பதினான்கு வயதுச் சிறுவன்மீது பழி சுமத்துதல் முறையன்று. கதையைத் தெரிந்தவரும் எழுதியவரும் பொருளீட்டியவரும் பிறர். சிறுவனோ உண்ண உணவும் உறைய இடமும் தந்தாரை நம்பி வாழ்ந்தவன்.

பின்னர் ‘பாக்தாத் திருடன்’ தொடங்கியது. 1939-இல் இரண்டாம் உலகப்போர் மூளவே, இங்கிலாந்தில் அரைகுறையாய் நின்ற படப்பிடிப்பு அமெரிக்காவிற்கு மாற்றப்பட்டது. இங்ஙனம் போரே சாபுவை ஹாலிவுட்டிற்குக் கொண்டு சேர்த்தது எனலாம். 1940-இல் வெளிவந்த அப்படம் மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. பறக்கும் கம்பளத்தின்மேற் செல்லும் அபு என்னும் சிறுதிருடனைக் கண்டோர் எளிதில் மறவார். 1942-இல் ‘ஜங்கிள் புக்’ படத்தில் ஓநாய்கள் வளர்த்த மௌக்ளியாக நடித்தார். அப்படத்தில் இந்தியராய்த் தோன்றியோர் பெரும்பாலும் நிறம் பூசிய மேனாட்டு நடிகரே. உண்மை இந்தியராகிய சாபுவுக்கோ வயது வளர்ந்தும் வேடம் வளரவில்லை. ‘அராபிய இரவுகள்’ முதலிய படங்களில், வேறொருவர் காதற்றலைவராய் விளங்க, அவருக்குத் துணைசெய்யும் தோழனாகவே இவர் நின்றார்.

1944-இல் சாபு அமெரிக்கக் குடியுரிமை பெற்று அந்நாட்டு வான்படையிற் சேர்ந்தார். விளம்பரத்திற்காகப் பாதுகாப்பான பணியொன்றில் அமர்ந்துகொண்டா ரல்லர். லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கியாளராய்ப் பசிபிக் கடற்பரப்பின்மேல் 40-க்கு மேற்பட்ட முறை போர்ப்பறப்பு மேற்கொண்டார். சிறப்புமிகு பறப்புச் சிலுவை என்னும் வீரப்பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. திரையிற் காட்டிய துணிவு வெறும் நடிப்பன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

போர்க்குப் பின் 1947-இல் ‘பிளாக் நார்சிஸஸ்’ படத்தில் இளந்தளபதியாக நடித்தார். இமயமலைக் கதையாகிய அஃது இங்கிலாந்திலேயே எடுக்கப்பட்டது. 1948-இல் மாரிலின் கூப்பர் என்னும் நடிகையை மணந்து இரு மக்களைப் பெற்றார். ஆயினும் நல்ல வேடங்கள் அருகின. குழந்தை நடிகரை உலகம் குழந்தையாகவே வைத்துப் போற்றும்; வளர்ந்தபின் கைவிடும். ஜாக்கி கூகன் என்னும் அமெரிக்கச் சிறுவர் ஈட்டிய பெருஞ்செல்வம் பெற்றோராற் செலவழிக்கப்பட்டு, அவர் வழக்காடிய பின்னரே, 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகரின் ஊதியத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது. சாபுவுக்கு அவ்வகை வஞ்சனை நேர்ந்திலது, தமையனார் உடனிருந்தார். ஆனால் வேடத்தின் சிறுமையைப் போக்க எச்சட்டமும் இல்லை. மெஹ்பூப் கான் தம் ‘மதர் இந்தியா’ படத்தில் இவரை நடிப்பிக்க எண்ணியதுண்டு, அதுவும் கைகூடவில்லை. 1957-இல் அப்படம் வேறொருவரைக் கொண்டே வெளிவந்தது. தாய்நாட்டுப் படமொன்றிற் பேர்பெறும் வாய்ப்பு இங்ஙனம் நழுவிற்று.

1960-இல் தமையனார் தம் கடையிற் கொள்ளையரால் உயிரிழந்தார். மூன்றாண்டுகள் கழிந்து, 1963-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், மாரடைப்பாற் சாபு கலிபோர்னியாவில் உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு வயது 39. அவர் நடித்த கடைசிப் படம் 1964-இல், அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. அவர் பிறந்த பக்கத்துக் காட்டிற் பெரும்பகுதியும் பின்னாளிற் கபினி அணையின் நீருள் மூழ்கிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கொட்டிலில் நின்ற சிறுவனிடம் திறனுண்டென்று கண்டவர் கடல்கடந்து வந்த அயலார். அவர் கண்டது பாதியே. யானையேறும் சிறுவனைக் கண்டனர், அவனுள் வளரவிருந்த மனிதனைக் காணவில்லை. நாமோ அவ்வொரு பாதியையும் கண்டிலோம். மலையடிவாரச் சிற்றூர்களிலும் ஆலைத் தெருக்களிலும் இத்தகைய சிறுவர் இன்றும் இலரோ? அவரைக் காணும் கண்ணும், கண்டபின் முழு மனிதராய் வளரவிடும் நெஞ்சும் கல்வி கற்போராகிய நமக்கு வேண்டும். சாபுவின் நினைவுக்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவேயாம்.