துணி மூட்டையோடு வந்த தலைவர்

1977 வன்செயலுக்குப் பின் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. இறுதி யுத்தம் முடிந்து மீளக்குடியேறியபோது ஊர்ச் சங்கமொன்றின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. பேசத் தெரிந்தால் போதும், தலைமை தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கோ. நடேசய்யரின் வாழ்க்கை.

தஞ்சாவூரைச் சேர்ந்தவர் அவர். வணிகக் கல்வி கற்பித்தவர். கணக்குப் பதிவு பற்றித் தமிழில் நூல் எழுதியவர். தோட்டத் தொழிலாளரின் நிலையைக் கேள்விப்பட்டு, நேரில் அறிய விரும்பினார். அக்காலத்தில் வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறல். எனவே துணி வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போனார். சம்பளம், கங்காணியிடம் பட்ட கடன், துரைமாரின் கெடுபிடி என எல்லாவற்றையும் அந்த மக்களின் வாயாலேயே கேட்டறிந்தார். பேசுவதற்கு முன் கேட்கப் பழகியதே அவருடைய முதல் பயிற்சி.

கேட்டதை எழுத்தாக்கினார். 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார். வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளமாக இருந்ததால் பாட்டும் அவருக்கு ஆயுதமானது. மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். தோட்ட மக்களின் துயரைச் சொல்லும் பாடல்களை எழுதி வெளியிட்டார். சட்டநிரூபண சபைக்குப் போனபோது கணக்கறிவு கைகொடுத்தது. 1927இல் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த காலத்தில், தொழிலாளியின் செலவை எண்களோடு வாதாடக்கூடியவராக அவர் அங்கே இருந்தார்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்துதான் தொழிற்சங்கம் நடத்தக் கற்றார். பின்னாளில் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சங்கத்தை உருவாக்கினார். ஹட்டனே அவரது களமாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் சம்பளம் வெட்டப்பட்ட காலம் அது. 1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. சங்கம் பெரும்பாலும் அவர் ஒருவரின் தோளிலேயே நின்றது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாகி, அதன் தொழிற்சங்கம் தோட்டம் தோட்டமாகக் கமிட்டி அமைத்துப் பரவியபோது இவரது செல்வாக்கு தேய்ந்தது. 1947 பொதுத்தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களையே நாடற்றவர்களாக்கியது.

இதைப் படித்த பின் எங்கள் சங்கத்தில் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தேன். கூட்டம் தொடங்கியதும் முதலில் உறுப்பினர்கள் பேசுவார்கள். நான் கடைசியில்தான் பேசுவேன். கணக்குப் புத்தகத்தை ஒவ்வொரு மாதமும் வேறொரு இளைஞர் எழுதுவார். முதலாவது நடேசய்யர் செய்து காட்டியது. இரண்டாவது, அவர் செய்யாமல் விட்டதிலிருந்து நான் கற்றது. யுத்தத்தில் அனுபவசாலிகளைப் பறிகொடுத்த ஊர்களில், நாளைக்கு யார் என்ற கேள்விக்கு இன்றே ஆள் பழக்க வேண்டியிருக்கிறது.