டாக்டர் பெர்ட்ராம் சிப்பி

இரைப்பையிற் சுரக்கும் அமிலம் நாம் உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் உற்ற துணையாகும். ஆயினும், இரைப்பையிலேனும் சிறுகுடலின் முகப்பிலேனும் புண் தோன்றிவிடின், அவ்வமிலமே புண்ணை அரித்து ஆறவொட்டாது தடுக்கும். அதனை அடக்கும் மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அமெரிக்க மருத்துவராகிய பெர்ட்ராம் சிப்பி. அவருடைய வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

இவர் 1866-ஆம் ஆண்டிற் பிறந்தார். சிக்காகோ நகரத்து ரஷ் மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1890-இல் பட்டம் பெற்று, பின்னர் அக்கல்லூரியிலேயே பேராசிரியராய் விளங்கினார். அந்நாளில் இரைப்பைப் புண்ணுக்கு அறுவைச் சிகிச்சையை நாடினோர் பலர். சிப்பியோ, அமிலத்தின் அரிப்பை இடைவிடாது தடுப்பின் புண் தானே ஆறும் எனத் துணிந்தார். தம் முறையை 1915-இல் வெளியிட்டார்.

காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை, மணிக்கொருமுறை பாலும் பாலேடும் சமமாய்க் கலந்து 3 அவுன்ஸ் கொடுப்பார். அவ்வேளைகளின் இடையிடையே சோடா உப்பு, மக்னீசியா, பிஸ்மத் ஆகியவை சேர்ந்த காரப் பொடிகளைக் கொடுப்பார். எல்லார்க்கும் ஒரே அளவு போதும் என்று அவர் கருதினாரல்லர். குழாயொன்றை இரைப்பையினுட் செலுத்திச் சாற்றை எடுத்துச் சோதிப்பார். அமிலம் அடங்காதிருப்பின் பொடியின் அளவைக் கூட்டுவார். இங்ஙனம் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய அளவை அவர் தேடியது நாம் போற்றத்தக்கது.

எனினும், அளவைக் கூட்டுதலிலும் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. அம்மருந்தை மிகுதியாய் உண்டோருட் சிலர்க்குத் தலைவலியும் குமட்டலும் சோர்வும் உண்டாதலை 1923-இல் வேறு மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். இரத்தத்திற் காரமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்து சிறுநீரகம் கெடுதலும் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. வயிற்றைக் காத்த மருந்தே பிறிதோர் உறுப்பை வருத்திற்று. சிப்பி 1924-இல் உயிர்நீத்தார்.

அவர் முறை பல்லாண்டு நிலவிப் பின் வழக்கொழிந்தது. அமிலச் சுரப்பையே குறைக்கும் சிமெட்டிடின் என்னும் மருந்து 1976-இல் விற்பனைக்கு வந்தது. இத்தகைய புண்கள் பலவற்றிற்குக் காரணமான கிருமியை வாரன், மார்ஷல் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் 1982-இல் வளர்த்துக் கண்டனர்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? நோயாளியின் உடலைச் சோதித்தே மருந்தை அளத்தல் வேண்டும் என்னும் சிப்பியின் நெறி நன்னெறியே. ஆயினும், நோயுற்ற உறுப்பை மட்டும் நோக்கி அளத்தல் போதாது. அம்மருந்து உடல் முழுவதிலும் செய்யும் மாறுதலையும் உடன் நோக்குதல் வேண்டும். குறைவும் தீது, மிகையும் தீது. இரண்டிற்கும் இடைப்பட்டதைத் தேடுவதே மருத்துவன் கடனென நாம் எண்ணுகிறோம்.