ஐஸ் ஹவுஸில் படித்த பெண்கள்: சகோதரி சுப்பலட்சுமி

சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நம்மவர்கள் பலர் திருவல்லிக்கேணியில்தான் தங்குவார்கள். வாலாஜா பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனால் வட்ட முகப்போடு ஒரு பழைய கட்டடம் தெரியும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டியது. அதனால் ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம். இடையில் பல ஆண்டுகள் அங்கே கணவனை இழந்த இளம்பெண்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களைச் சேர்த்தவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

1886இல் சென்னையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே திருமணம். சில காலத்திலேயே கணவர் இறந்தார். அந்நாளைய வழக்கப்படி தலையை மழித்து வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். நம் மார்க்கத்தில் இத்தா நான்கு மாதம் பத்து நாள்தான். (அது முடிந்த பிறகும் பெண்ணை மூலையில் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடமும் உண்டு, அது வேறு பேச்சு.) அம்மையாரின் தந்தை சுப்பிரமணிய ஐயர் ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளைப் படிக்க வைத்தார். தாமும் விதவையான சித்தி கூடவே நின்றார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு அவர் நிற்கவில்லை. தம்மைப் போன்ற நான்கு பெண்களை எழும்பூரில் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதுவே வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அவர் கணக்கு ஒரு வியாபாரிக்கு உடனே புரியும். பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் அரசு திண்டாடியது. இந்தப் பெண்களுக்கோ பிழைக்க வழியில்லை. இரண்டையும் சேர்த்தார். தங்க இடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, பிறகு ஆசிரியப் பயிற்சி, முடிவில் சொந்தச் சம்பளம். 1922இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர்.

என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. அரசு உதவி பெற்ற விடுதியில் 18 வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை. இருபது வயதில் கணவனை இழந்தவள் எங்கே போவாள்? அவர்களுக்காகவே 1927இல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார்.

இந்த இடைவெளி நம் ஊரிலும் இருக்கிறது. பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளைதான் யத்தீம். அந்தப் பிள்ளைக்கு உதவ எல்லோரும் முன்வருகிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக் தோட்டப் பக்கத்தில் பாலிடெக்னிக் இரண்டாம் செமஸ்டரில் இருக்கும் பையனின் தந்தை மௌத்தானால், மூன்றாம் நாளே அவனைக் கடையில் உட்காரச் சொல்கிறோம். இனி நீதான் குடும்பத் தலைவன் என்கிறோம். படிப்பு நின்றுபோவதை யாரும் கேட்பதில்லை. அவனுக்குத் தேவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக் கட்டணம், பஸ் செலவு, வீட்டுக்கு மாதம் கொஞ்சம் அரிசி. நம் சங்கத்தின் கல்வி நிதியில் இதற்கென்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அம்மையார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1942இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென்றே இன்னொரு பள்ளி தொடங்கினார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பரில் காலமானார். சாரதா வித்யாலயா இன்றும் சென்னை தியாகராய நகரில் ராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் நடக்கிறது.