விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர்

1947 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. அன்றே ஜவகர்லால் நேருவைத் தலைமை அமைச்சராகக் கொண்ட முதல் அமைச்சரவை பொறுப்பேற்றது. நேருவையும் சேர்த்து அதில் 14 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் நிதித்துறையை ஏற்றவர் கோயம்புத்தூரில் பிறந்த தமிழரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவர் காங்கிரசுக் கட்சியினர் அல்லர்; தேர்தல் களத்தில் அக்கட்சியை எதிர்த்து நின்றவர். அத்தகைய ஒருவரிடம் நாட்டின் கருவூலம் எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது? அவருடைய வாழ்க்கை வரலாறே அதற்கு விடை கூறும்.

இளமையும் பொதுவாழ்வும்

சண்முகம் செட்டியார் 1892 ஆம் ஆண்டு வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். நகராட்சிப் பணியில் தொடங்கிய அவருடைய பொதுவாழ்வு விரைவாக வளர்ந்தது. 1920 இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பின்னர் தில்லியில் இருந்த மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வரி, வணிகம், நாணயம் ஆகியவை பற்றித் தெளிவாகப் பேசும் ஆற்றல் அவருக்குப் புகழ் சேர்த்தது. 1933 இல் அம்மன்றத்தின் தலைவராக உயர்ந்தார். இன்று மக்களவைத் தலைவர் ஆற்றும் பணி போன்றது அது.

தோல்வியும் புதிய பணியும்

1932 இல் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் பிரித்தானியப் பேரரசு நாடுகளின் வணிக மாநாடு நடைபெற்றது. அதில் இந்தியப் பேராளர்களுள் ஒருவராகச் சண்முகம் செட்டியாரும் கலந்துகொண்டார். அங்கு உருவான உடன்படிக்கை பிரித்தானியப் பொருள்களுக்கு வரிச்சலுகை அளித்தது. ஆகவே காங்கிரசார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1934 இல் நடந்த தேர்தலில் காங்கிரசை எதிர்த்துப் போட்டியிட்ட அவர் தோல்வியுற்றார்.

தோல்வி அவரை முடக்கவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவானாகப் பணியாற்றினார். கொச்சித் துறைமுகத்தின் வளர்ச்சிக்குத் துணைநின்றார். எறணாகுளத்தில் உள்ள சண்முகம் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1944 இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்சு என்னும் ஊரில் உலக நாடுகளின் நிதி மாநாடு கூடியது. உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்திற்கும் வித்திட்ட அம்மாநாட்டில் இந்தியக் குழுவின் உறுப்பினராகப் பங்கேற்றார்.

அமைச்சரவை அமைந்த முறை

விடுதலைக்கு முன்பே, 1946 செப்டம்பரில், இடைக்கால அரசு ஒன்று அமைந்திருந்தது. சில வாரங்களில் முசுலிம் லீக்கும் அதில் சேர்ந்தது. அக்கட்சியைச் சேர்ந்த லியாகத் அலிகான் நிதித்துறையை ஏற்றார். நாடு பிரிவினையுற்றபோது அவர் பாகிசுத்தானின் தலைமை அமைச்சரானார். எனவே இந்தியாவுக்குப் புதிய நிதியமைச்சர் ஒருவர் தேவைப்பட்டார்.

பெரும்பான்மை பெற்றிருந்த காங்கிரசு எல்லா இடங்களையும் தன் கட்சியினருக்கே அளித்திருக்கலாம். ஆனால் நேருவும் வல்லபபாய் பட்டேலும் கட்சி எல்லையைக் கடந்து தகுதியாளரைத் தேடினர். காங்கிரசைக் கடுமையாக விமரிசித்த அம்பேத்கர் சட்ட அமைச்சரானார். இந்து மகாசபையைச் சேர்ந்த சியாமா பிரசாத் முகர்ஜி தொழில்துறையை ஏற்றார். பொருளியல் அறிஞர் ஜான் மத்தாய்க்கு இரயில்வே வழங்கப்பட்டது. பாதுகாப்புத்துறை சீக்கியரான பல்தேவ் சிங்கிடமும், கல்வித்துறை மௌலானா ஆசாத்திடமும், வணிகத்துறை பார்சி இனத்தவரான பாபாவிடமும் சென்றன. தொழிலாளர் நலத்துறையை செகசீவன்ராம் ஏற்றார். நலவாழ்வுத்துறை பெற்ற இராசகுமாரி அம்ரித் கௌர் அவ்வமைச்சரவையின் ஒரே பெண் உறுப்பினர். இந்த வரிசையிலேயே சண்முகம் செட்டியாரிடம் நிதித்துறை வந்து சேர்ந்தது. பழைய பகையைவிட அவருடைய பட்டறிவே பெரிதாக மதிக்கப்பட்டது.

முதல் வரவுசெலவுத் திட்டம்

அவர் பொறுப்பேற்ற காலம் எளிதானதன்று. எல்லைப்புற மாநிலங்களில் கலவரம் மூண்டது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து அகதிகளாயினர். உணவுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் மக்களை வாட்டின. அரசின் சொத்தும் கடனும் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட வேண்டியிருந்தன.

இந்நிலையில் 1947 நவம்பர் 26 ஆம் நாள் விடுதலை இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சண்முகம் செட்டியார் மன்றத்தில் அளித்தார். அது ஏழரைத் திங்களுக்கு மட்டுமே உரியது. வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். செலவில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புக்கே தேவைப்பட்டது. வரவைவிடச் செலவு மிகுந்திருந்த நிலையை அவர் மறைக்காமல் நாட்டுக்கு எடுத்துரைத்தார். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் இந்தியாவுக்குப் பெருந்தொகை கடன்பட்டிருந்தது. அதனைப் பெறுவது பற்றிப் பேச 1948 இல் இலண்டனுக்குக் குழு ஒன்றை அழைத்துச் சென்றார்.

பதவி விலகல்

அதே ஆண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. வரி ஏய்ப்பை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்திற்கு உரிய பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் நீக்கப்பட்டன. அது குறித்து வினாக்கள் எழுந்தன. ஒரு துறையில் நிகழும் செயலுக்கு அத்துறையின் அமைச்சரே மன்றத்திற்கு விடையளிக்க வேண்டும் என்பது அமைச்சரவை ஆட்சியின் அடிப்படை நெறி. சண்முகம் செட்டியார் 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். ஏறத்தாழ ஓராண்டே அவர் நிதியமைச்சராக இருந்தார். அவருக்குப்பின் ஜான் மத்தாய் அப்பொறுப்பை ஏற்றார்.

தமிழ்ப்பணி

தில்லி, கொச்சி எனத் தமிழ்நாட்டுக்கு வெளியே நெடுங்காலம் பணியாற்றியபோதும் சண்முகம் செட்டியார் தமிழை மறந்தாரல்லர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை எழுதினார். இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்திற்கு ஊக்கமளித்தார். 1953 இல் அவர் மறைந்தார்.

இன்று ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் அளிக்கப்படும் வரவுசெலவுத் திட்டங்களின் நெடிய வரிசை அவரிடமிருந்தே தொடங்குகிறது. கருத்து வேறுபாடு கொண்டோரும் ஓரணியில் அமர்ந்து நாட்டைக் காக்க இயலும் என்பதற்கு அவர் இடம்பெற்ற அமைச்சரவை சான்றாக விளங்குகிறது.

சிந்தித்து எழுதுக

1. 1934 ஆம் ஆண்டுத் தேர்தலில் சண்முகம் செட்டியார் தோல்வியுறக் காரணமாக அமைந்தது எது?
2. முதல் அமைச்சரவையில் காங்கிரசைச் சாராதவர்கள் எவரெவர்? அவர்களுள் இருவரின் துறைகளைக் குறிப்பிடுக.
3. முதல் வரவுசெலவுத் திட்டத்தில் வரவைவிடச் செலவு எவ்வளவு மிகுந்திருந்தது? கணக்கிட்டு எழுதுக.
4. உங்கள் வகுப்புக்கு ஓர் அமைச்சரவை அமைப்பதாயின் எவ்வெத் துறைகளை ஏற்படுத்துவீர்கள்? உங்களோடு கருத்து மாறுபடும் மாணவருக்கும் இடமளிப்பீர்களா? காரணத்துடன் ஐந்து தொடர்கள் எழுதுக.