கைகாட்டி தந்த அறிஞர்

ஒல்லாந்து நாட்டின் சிறந்த துறைமுக நகரம் ராட்டர்டாம். அந்நகரில் 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா பிறந்தார். தந்தையார் வேதியியல் வல்லுநர்; தாயார் கணிதம் தேர்ந்தவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்ற டைக்ஸ்ட்ரா, 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணியை மேற்கொண்டார். அந்நாளில் அதனை ஒரு தொழிலாக மதிப்பார் இலர். 1957இல் அவர் மணம் புரிந்தபோது, நிரலர் என்னும் தொழிற்பெயரை அலுவலர் ஏற்க மறுத்தனர். பௌதிக அறிஞர் என்றே பதிவேட்டில் எழுத நேர்ந்தது. உலகம் மதியாத அத்தொழிலை அறிவியலாக உயர்த்த அவர் அயராது உழைத்தார்.

ஒரு கணிப்பொறியில் பல நிரல்கள் ஒருங்கே இயங்குங்கால் ஓர் இடர் தோன்றும். குந்தாரப்பள்ளி வாரச்சந்தையில் சுங்கம் தண்டும் கணக்கர் இருவர்க்கு ஒரே கணக்கேடு உளதென்று கொள்க. ஏட்டிலுள்ள தொகை 100 ரூபாய். இருவரும் ஒரே வேளையில் அதனைப் பார்க்கின்றனர். ஒருவர் தாம் பெற்ற 10 ரூபாயைக் கூட்டி, 100ஐ அழித்து 110 என எழுதுகிறார். மற்றவரும் தம் 10 ரூபாயைத் தாம் பார்த்த 100உடன் கூட்டி 110 என்றே எழுதுகிறார். இருக்கவேண்டிய தொகையோ 120. கூட்டலில் ஒருவரும் தவறிலர். எனினும் 10 ரூபாய் மறைந்தது. இருவர் வேளையும் ஒன்றும்போது மட்டுமே இது நிகழுமாதலின், நூறு முறை சோதிப்பினும் அகப்படாதிருக்கலாம்.

1962இல் ஐந்தோவன் நகரில் கணிதப் பேராசிரியரான டைக்ஸ்ட்ரா இதற்கு வழி கண்டார். இருப்புப்பாதையில் ஒரு வண்டி செல்லும்வரை மற்றொன்றைத் தடுத்து நிறுத்துவது கைகாட்டி. அதன் பெயரையே தம் கருவிக்கும் இட்டார். பொதுத் தரவைத் தொடும் நிரல் முதலில் பூட்டிக்கொள்ளும். பணி முடிந்ததும் திறந்துவிடும். இடையே வருவது காத்திருக்கும். பூட்டு திறந்துளதா எனக் காண்பதும் பூட்டுவதும் பிரிக்கவியலாத ஒரே செயலாதல் வேண்டும். இன்றேல் இரண்டும் ஒருங்கே நுழைந்துவிடும்.

பூட்டாலும் தீங்கு நேர்வதுண்டு. வட்ட மேசையைச் சூழ்ந்து ஐந்து அறிஞர். அடுத்தடுத்த இருவர்க்கிடையே ஒரு முட்கரண்டி. உண்பதற்கோ இரண்டு வேண்டும். யாவரும் இடப்புறத்ததை எடுத்துக்கொண்டு வலப்புறத்ததற்குக் காத்திருப்பின் ஒருவரும் உண்ணார். அவர் 1965இல் மாணவர்க்கு இட்ட தேர்வு வினாவிலிருந்து உருவானது இப்புதிர். முட்கரண்டிகளுக்கு எண்ணிட்டுச் சிறிய எண்ணுடையதையே முதலில் எடுப்பதென்று விதித்தால் இம்முட்டுப்பாடு நேராது.

1972இல் டூரிங் விருது அவரை அடைந்தது. 1984 முதல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தாயகத்தில் மறைந்தார். சோதனையில் தப்பும் பிழையைச் சிந்தனையால் முன்னரே தடுக்கவேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் நெறியாகும்.