கல் பங்களாவைக் கட்டியவர்

கல்லூரியில் சேர வந்த முதல் நாள், மழைக்கு ஒதுங்க நான் ஓடிப்போய் நின்ற இடம் கல் பங்களாவின் வாசல். அதைக் கட்டியவர் யார் என்று அன்று எனக்குத் தெரியாது. ஸ்டோன் ஹவுஸ் குன்றில் மூன்றாண்டுகள் ஏறி இறங்கிய பிறகாவது அவரைப் பற்றி அறிய வேண்டும் என்று தோன்றியதே, அதுவரையில் மகிழ்ச்சி.

ஜான் சல்லிவன் 1788-இல் லண்டனில் பிறந்தவர். நம்மில் பலர் பள்ளித் தேர்வுக்கு அஞ்சிக்கொண்டிருக்கும் வயதில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1815-இல் கோயமுத்தூர் கலெக்டரானார். அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் 1818-இல் நீலமலை மீது ஏறித் திரும்பி, சமவெளி கொதிக்கும்போதும் குளிர்ந்திருக்கும் ஒரு நாட்டைப் பற்றிச் சொன்னார்கள். மறு ஆண்டு சல்லிவன் தாமே ஏறினார். பாதை என்று சொல்லத்தக்க பாதை அப்போது கிடையாது. கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். பிறகு கைதிகளின் உழைப்பையும் கொண்டு சிறுமுகையிலிருந்து மலைப்பாதை போடப்பட்டது. இன்று பேருந்தில் தூங்கிக்கொண்டே மலை ஏறும் நாம், அந்தக் கைதிகளை ஒரு கணம் நினைக்கலாம்.

உதகை அப்போது ஒரு தோடர் மந்து. 1822-இல் சல்லிவன் இங்கே கல் வீடு கட்டத் தொடங்கினார். மறு ஆண்டு அது முடிந்தது. உதகையின் முதல் ஐரோப்பிய வீடு அதுதான். மனைவி ஹென்ரியெட்டாவும் உடன் வந்தார். நீலகிரியில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண்மணி அவரே. ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார் சல்லிவன். இன்று நாம் காணும் ஏரி அதில் எஞ்சிய பகுதிதான். குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் எழுந்த நிலம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீருக்குள் இருந்தது. உருளைக்கிழங்கு, பார்லி, ஆப்பிள், பீச் என்று மேனாட்டுப் பயிர்களையும் பழமரங்களையும் இந்த மண்ணில் பயிரிட்டுப் பார்த்தார். 1826-இல் ஆளுநர் தாமஸ் மன்றோவே வந்து பார்த்துச் சென்றார். அரசு ஊழியர் ஒருவர் தம் சொந்த ஊக்கத்தால் ஒரு நகரையே உண்டாக்கிய கதை இது என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தோடரிடமிருந்து அவர் நிலம் வாங்கிய விலை ஏக்கருக்கு ஒரு ரூபாய்! இப்படி வாங்கி வாங்கி, உதகையில் மற்ற ஐரோப்பியர் அனைவரும் வைத்திருந்த நிலத்தைக் கூட்டினாலும் எட்டாத அளவுக்குப் பல மடங்கு சேர்த்துவிட்டார். மாவட்டத்தை ஆளும் கலெக்டரும் அவரே, அங்கே நிலம் வாங்குபவரும் அவரே. என் வகுப்புத் தோழி ஒருத்தி தோடர் குலத்தைச் சேர்ந்தவள். இதை நான் அவளிடம் சொன்னபோது, எருமையையே செல்வமாக எண்ணிய அவளுடைய முன்னோருக்கு அந்த ஒரு ரூபாய் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

வியப்பு என்னவென்றால், அந்தத் தோடருக்காக அரசோடு வாதாடியவரும் இதே சல்லிவன்தான். இந்த மலை தோடரின் சொத்து. அவர்களுக்கு விலை கொடுக்காமல் யாரும், அரசாங்கமும்கூட, ஒரு துண்டு நிலத்தையும் எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. தாம் வாங்கிய நிலம் செல்லுபடியாக வேண்டுமானால், விற்றவர்களுக்கு உரிமை இருந்தாக வேண்டும் அல்லவா என்று நானும் முதலில் ஐயுற்றேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 1827-இல் ஆளுநரான லஷிங்டன் உதகையை நோயுற்ற படைவீரர்களின் ஓய்விடமாக்கி, நிர்வாகத்தை இராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார்; 1830-இல் உதகைப் பகுதியைக் கோயமுத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்தார். தம் செல்வாக்கெல்லாம் போன பின்பும் சல்லிவன் தோடர் கட்சியை விடவில்லை. இறுதியில் அவர் தோற்றார். நிலம் அரசுக்கே உரியது, தோடருக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே என்று ஆயிற்று.

முதுமையில் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, சுதேச சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதைக் கண்டித்து அவர் எழுதினார். அங்கே அவருக்கு ஏக்கர் கணக்கில் ஆதாயம் எதுவும் இல்லை. ஆகவே என் ஐயத்தில் பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மறுபாதி இருக்கட்டும்.

1838-ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. ஹென்ரியெட்டாவும் மூத்த மகள் ஹேரியட்டும் அந்த ஒரே ஆண்டில் இறந்தார்கள். இருவரும் உதகையிலேயே, செயின்ட் ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1841-இல் சல்லிவன் இந்தியாவை விட்டுச் சென்றார். 1855-இல் காலமாகி, இங்கிலாந்து மண்ணில் உறங்குகிறார். உதகையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி 2022-இல் இங்கே அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தோழியும் வந்திருந்தாள். கல்லில் பாசி படிந்திருந்தது. அவள் கைக்குட்டையால் எழுத்துகளை மெல்லத் துடைத்தாள். தாயின் பெயரை நான் படித்தேன். மகளின் பெயரை அவள் படித்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.